தொண்ணூற்றாறு டிகிரிக்குக் காரணம்

தேர்வு தொடங்கி ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தபோது என் லேப்டாப் அணைந்தது. முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. நாற்பத்தோராவது கேள்விக்கு விடையைத் தட்டினேன், திரை கறுத்தது, அவ்வளவுதான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சார்ஜரும் செருகித்தான் இருந்தது. விசைப்பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அப்படிச் சுட்டது.

மறுபடி அது கண்விழிக்க இருபது நிமிடம் பிடித்தது. அதற்குள் தேர்வு மூடப்பட்டிருந்தது. மறுநாள் காலை பயிற்சி நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரே ஒரு வரி: தேர்வர் தேர்வின் நடுவில் வெளியேறினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஷிப்டு முடிய ஒரு நிமிடம் இருந்தாலும் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். நானா வெளியேறினேன்?

அந்தத் தொழிற்சாலை எங்கள் பிரிவை மூடி, வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. என்னோடு வெளியே வந்த பெண்களில் பாதிப் பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள், சிலர் கேட்டரிங் வேலைக்குப் போனார்கள். எனக்குத் தெரிந்த வேலை தரம் பார்ப்பது ஒன்றுதான், அதை விட மனம் வரவில்லை. தர ஆய்வாளர் சான்றிதழுக்கான மூன்று மாத வகுப்பில் சேர்ந்தேன். கிள்ளானில் உணவுப்பொருள் பொட்டலம் போடும் ஒரு தொழிற்சாலையின் மேலாளர் அம்மாள் என்னை நேர்முகத்தில் பார்த்து, பிடித்துப்போய், மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். தேர்வு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. கேமராவும் மைக்கும் திறந்திருக்க, யாரோ ஒருவர் இரண்டு மணி நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதில்தான் இந்த லேப்டாப் என் காலை வாரிவிட்டது.

"சார்ஜர் ரோசாக் ஆயிருச்சு லா," என்றார் என் வீட்டுக்காரர். அவர் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். எது கெட்டாலும் முதலில் ஒயரைச் சந்தேகப்படுவார். "போன வருஷம் என் போன் சார்ஜரும் இப்படித்தான சூடாச்சு. மாத்திப் பாரு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, ஏனென்றால் ஒரு விஷயத்தை நானே கவனித்திருந்தேன். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட் சின்னது. கூடத்தில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. காலியாக இருக்கும் பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது என்பதால் சார்ஜர் போட்டு வேலை செய்வதென்றால் அந்த மேசைதான். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய், சிமெண்டுத் திண்டில் வைத்து பேட்டரியில் படிப்பேன். மேசையில் இருக்கும்போது அதன் விசிறி இரைந்துகொண்டே இருக்கும், சமையலறையில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். சார்ஜர் போட்டால் சூடு, எடுத்தால் குளிர்ச்சி. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

ஆனாலும் பழக்கம் விடவில்லை. தொழிற்சாலையில் நான் நின்ற இடம் சர்க்யூட் பலகைகளைச் சுட்டெடுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில். மணிக்கு ஒருமுறை அதன் சூட்டைப் பார்த்துத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத சூடு எங்களுக்குச் சூடே இல்லை. எனவே லேப்டாப்பின் உள்சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டேன். பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். பயிற்சி நிலையம் கொடுத்த மாதிரித் தேர்வைக் கேமராவோடு ஓடவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்தேன். மேசையில், சார்ஜரோடு, தொண்ணூற்றாறு டிகிரி. சமையலறையில், பேட்டரியில், எழுபது.

இருபத்தாறு டிகிரி வித்தியாசம். எங்கள் அடுப்பில் ஐந்து டிகிரி தவறினாலே லைனை நிறுத்திவிடுவோம்.

புது சார்ஜர் வாங்கினேன். தொண்ணூற்றாறு. வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், ஆன் செய்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டு பிராப்ளமா இருக்கலாம்மா. இல்லாட்டி பேட்டரி. இல்லாட்டி ரெண்டும்."

"இருக்கலாம்னா எப்படிண்ணே? எதுன்னு தெரியாம எதை மாத்துவீங்க?"

"ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கறதுதான். இல்லாட்டி பேசாம பேட்டரியிலயே பரீட்சை எழுதுங்க."

அது முடியாது. தேர்வு விதிகள் அடங்கிய தாளில் மூன்றாவது விதி, தேர்வு முடியும்வரை லேப்டாப் சார்ஜரில் செருகியே இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வரியைப் படிக்கப் படிக்க என் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. செருகினால்தானே சூடாகிறது? செருகச் சொன்னது யார்? அன்று மத்தியானமே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு முறையீடு எழுதினேன். உங்கள் மூன்றாவது விதியால்தான் என் கணினி அணைந்தது, நான் வெளியேறவில்லை, இதோ ஆதாரம் என்று தொண்ணூற்றாறையும் எழுபதையும் கட்டம் போட்டுக் கீழே கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'இயந்திரக் கோளாறு' என்று போட்டேன்.

நான்கே நாளில் பதில் வந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று ஏற்றுக்கொண்டு மறுதேர்வு தருகிறோம், அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி. மாதக் கடைசிக்கு அதற்குப் பிறகும் ஒன்பது நாள் இருந்தது. கிள்ளான் அம்மாளுக்குப் போன் செய்து சொன்னேன். வீட்டுக்காரர் கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தார்.

சாப்பிட்டுக் கையைக் கழுவும்போதுதான் அது உறைத்தது. மறுதேர்வு கிடைத்தது சரி, லேப்டாப் அதே லேப்டாப்தானே? சனிக்கிழமையும் அது அணைந்தால்?

அன்றிலிருந்து, காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவதென்று ஒற்றைக் காலில் நின்றேன். தொழிற்சாலையில் முதல் வாரமே சொல்லித்தருவது ஒன்று உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றிவிட்டு இதனால்தான் என்று சொன்னால் மேற்பார்வையாளர் தாளைக் கிழித்துப் போடுவார். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சார்ஜரை நான் கழற்றியபோதெல்லாம் இடத்தையும் மாற்றியிருந்தேன். மேசை என்றால் சார்ஜர், சமையலறை என்றால் பேட்டரி. பத்தொன்பது வருடம் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றவள், சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தவறைச் செய்துவிட்டு இரண்டு பக்கத்துக்கு முறையீடு வேறு எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரரின் நீள ஒயரை லோரியிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். கூடத்திலிருந்து சமையலறைவரை இழுத்து, சிமெண்டுத் திண்டில் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் செருகி, மாதிரித் தேர்வை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் எண்பத்து நான்கில் வந்து நின்றது. நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம், நகரவில்லை. அப்புறம் மேசைக்குக் கொண்டுபோய் சார்ஜர் இல்லாமல் வைத்தேன். எழுபதில் நிற்க வேண்டியது எழுபத்தொன்பதுக்கு ஏறியது.

மேசையில் ஏதோ இருக்கிறது. குனிந்து பார்த்தேன். அங்கே இருந்தது மேசையும் அதன்மேல் நான் விரித்திருந்த துணியும்தான்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் சேர்ந்தபோது சரஸ்வதி பூசை வந்தது. பிள்ளைகளின் புத்தகமெல்லாம் இல்லாத எங்கள் வீட்டில், அந்த வருடம் மாடத்துக்கு முன்னால் வைக்க என்னுடைய லேப்டாப் இருந்தது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பூசை முடிந்ததும் அதை வெறும் மேசைமேல் வைக்க மனசு கேட்கவில்லை. கீரை ஆய்கிற மேசை, பூண்டு உரிக்கிற மேசை. படிப்புக்கு உரிய பொருளை அப்படி வைக்கலாமா? கீழே தெருவில் பூசைச் சாமான் கடையில் சிவப்பு வெல்வெட் துணி, தங்க நூல் கரை போட்டது, ஒரு கஜம் வாங்கி வந்து நான்காக மடித்து விரித்தேன். அதன்மேல்தான் லேப்டாப். சமையலறைக்குப் போகும்போது துணியை எடுத்துப்போனதில்லை, சாமி மாடத்துத் துணிக்கு அங்கே என்ன வேலை?

லேப்டாப்பின் அடிவயிற்றில் வரிவரியாகத் துளைகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்றை அது அங்கிருந்துதான் இழுக்கிறது. மூன்று மாதத்துக்கு மேலாக நான் அதன் மூக்கில் வெல்வெட்டை அமுக்கி வைத்திருந்தேன். மரியாதைக்காக வைத்த பொருளைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

துணியை எடுத்துவிட்டு, அதே மேசையில், சார்ஜரோடு ஓடவிட்டேன். எண்பத்து நான்கு. சமையலறையில் என்ன வந்ததோ அதேதான்.

ஆனாலும் எழுபதுக்கும் எண்பத்து நான்குக்கும் நடுவில் பதினான்கு டிகிரி மிச்சம் இருந்தது, அதையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தேன். பேட்டரி முழுசாக நிறைந்த பிறகு செருகிப் பார்த்தேன், இரண்டு டிகிரிதான் குறைந்தது. அப்புறம் அமைப்புகளுக்குள் துழாவியபோது, சார்ஜரில் இருக்கும்போது முழு வேகம், பேட்டரியில் இருக்கும்போது சிக்கனம் என்று தனித்தனியாக எழுதியிருந்தது கண்ணில் பட்டது. சார்ஜரோடும் சிக்கனத்தில் வைத்துப் பார்த்தேன், எழுபத்து மூன்று. அப்போதுதான் விளங்கியது. சார்ஜரிலிருந்து சூடு வரவில்லை. செருகியிருக்கும்போது அதற்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது, அதனால் முழுப் பலத்தோடு வேலை செய்கிறது, வேலை செய்வதால் சூடாகிறது. பேட்டரியில் அது கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சமாகச் செய்கிறது. எண்பத்து நான்கு அதற்கு இயல்பான சூடு. அது இத்தனை மாதமும் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை பயமில்லாமல் எழுதலாம். ஆனால் முறையீட்டில் நான் எழுதிய 'இயந்திரக் கோளாறு' கண்முன்னாலேயே நின்றது. தொழிற்சாலையில் மூத்த டெக்னீஷியன் ஒருவர், எது கெட்டாலும் காரணம் என்ற கட்டத்தில் 'மெஷின்' என்றே எழுதுவார். அவருடைய தாளை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மெஷினுக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள் அங்கிள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். மனிதர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், பயிற்சி நிலையத்துக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்று.

"உனக்குக் கிறுக்கா?" என்றார். "சனிக்கிழமை பரீட்சை. இன்னிக்கி புதன். நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

"தரம் பாக்கற சர்டிபிகேட்டுங்க அது. அதைப் பொய் எழுதி வாங்கறதா?"

"பொய் இல்ல லா. அன்னிக்கி உனக்குத் தெரியாது, தெரிஞ்சத எழுதின."

"இன்னிக்கித் தெரியுதே."

"பாஸ் பண்ணிட்டு அப்புறமா எழுதேன்," என்றார். அது கெட்டிக்காரத்தனமான யோசனை, எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசைதான் என்னைப் பயமுறுத்தியது. அன்றைக்கே எழுதினேன். கணினியில் கோளாறு இல்லை, உங்கள் விதியிலும் கோளாறு இல்லை, நான்தான் அடியில் துணி விரித்திருந்தேன், காற்றுத் துளைகள் அடைபட்டன என்று நான்கு வரி. துணியோடும் துணியில்லாமலும், சார்ஜரோடும் பேட்டரியிலும் என நான்கு கட்டமும் நிரம்பிய அட்டவணையை இணைத்தேன்.

வியாழக்கிழமை மாலை பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். காரணம் தேர்வரின் கட்டுப்பாட்டில் இருந்ததால் மறுதேர்வு ரத்தாகிறது, அடுத்த தொகுதியில் சேர்ந்து வகுப்பை முதலிலிருந்து முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். பதிவில் 'வெளியேறினார்' என்பதை அடித்து, 'தேர்வரின் தவறு' என்று மாற்றியிருந்தார்கள்.

சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பெருமையாக ஒன்றும் இல்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்றுதான் அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொன்னேன்ல என்று அவர் சொல்லவில்லை, அதற்கு இன்றுவரை அவர்மேல் எனக்கு நன்றி உண்டு.

கிள்ளான் அம்மாளுக்கு மறுநாள் நானே போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"மூணு மாசம் என்னால வெயிட் பண்ண முடியாதும்மா. மேல கேப்பாங்க. அடுத்த வாரமே வேற ஆள் போடணும்," என்றார்.

"புரியுதுங்க மேடம்."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார் வைப்பதற்கு முன்னால். அவரும் தரப் பிரிவிலிருந்து மேலே வந்தவர்தான். அதை அவர் வருத்தமாகச் சொன்னாரா, வேறு எதையாவது மனதில் வைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தொகுதியில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அதே ஆசிரியர், அதே படங்கள், அதே நகைச்சுவை, அது எந்த இடத்தில் வரும் என்றுகூட எனக்கு மனப்பாடம். ஒரு வகுப்பையும் விடவில்லை. பகலில் ஜாலான் ஸ்காட்டில் ஒரு எழுதுபொருள் கடையில் நின்றேன், மாலையில் படித்தேன். தெருக்கோடி அண்ணனிடம் கொடுத்து லேப்டாப்பின் விசிறியைத் துடைக்கவைத்தேன். நான்கு கட்டத்தை அவருக்குக் காட்டியபோது அவர் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். வெல்வெட் துணியை மாடத்துக்குள்ளேயே விரித்துவிட்டேன். வாரம் ஒருமுறை மாதிரித் தேர்வை இரண்டு மணி நேரமும் ஓடவிட்டுச் சூட்டை எழுதினேன். எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு, மழை பெய்த ஒரு நாள் எண்பத்தொன்று.

தேர்வில் தேறினேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலாயாங்கில் ஒரு தொழிற்சாலையில் அதே மாதம் வேலையும் கிடைத்தது. கிள்ளான் வேலையைவிட ஒரு படி கீழே, போக வர இன்னும் அரை மணி நேரம் கூடுதல். நான் சொல்ல வந்தது தேர்வு தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைப் பற்றி.

திரையில் கண்காணிப்பாளர் வந்தார். முக்காடு போட்ட மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கும். மலாயும் இங்கிலீஷும் கலந்து, மேடம் என்பதுபோல் என்னைப் புவான் என்று அழைத்துப் பேசினார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார், அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், சார்ஜர் செருகியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் பழைய பட்டியல்தான். அப்புறம், "புவான், லேப்டாப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அடியில என்ன இருக்குன்னு போன் கேமராவுல காட்டுங்க," என்றார்.

போன முறை இப்படி யாரும் கேட்கவில்லை. தூக்கிப் பிடித்துக் காட்டினேன். வெறும் மேசை.

"இது புதுசா இருக்கே," என்றேன்.

"ஆமா புவான், இப்பதான் சேர்த்தாங்க. இதுக்கு முன்னாடியும் பரீட்சை நடுவுல நிறைய பேருக்கு அணைஞ்சு போயிருக்கு. வெளியேறிட்டாங்கன்னு எழுதிடுவோம். ஏன்னு யாருக்கும் தெரியல. அப்புறம் ஒரு புவான், அடியில துணி இருந்துச்சு, அது என் தப்புதான்னு அட்டவணையெல்லாம் போட்டு எழுதி அனுப்பினாங்க. அதைப் பார்த்துட்டுப் பழைய ஆளுங்களைக் கூப்பிட்டுக் கேட்டா, ஒருத்தர் மெத்தைமேல வெச்சிருக்கார், ஒருத்தர் தலையணைமேல வெச்சிருக்கார். அவங்களுக்கெல்லாம் மறுபடி எழுத வாய்ப்பு குடுத்தாங்க."

"அந்தப் புவானுக்கு?"

"அவங்களுக்கு முன்னாடியே ரத்து பண்ணிட்டாங்களே. பாவம்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. லேப்டாப்பை மெதுவாக மேசைமேல் இறக்கி வைத்தேன்.

"அது நான்தான்," என்றேன்.

அவர் தன் திரையில் எதையோ தேடினார். என் பெயரையும் பழைய பதிவையும் பார்த்திருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, தெரிமா காசி புவான் என்று மெல்ல நன்றி சொன்னார். நானும் தலையை அசைத்தேன். அவர் கடிகாரத்தை ஓடவிட்டார், நான் முதல் கேள்வியைப் படித்தேன்.